வருஷக் கடைசில நன்றியோட உக்கார்றது எப்படி: முதல் தடவை பண்றவங்களுக்கு

டிசம்பர் கடைசி வாரத்துல யாரைக் கேட்டாலும் ரெண்டுல ஒரு பதில்தான் வரும். "வருஷம் எப்ப வந்துச்சு எப்ப போச்சுன்னே தெரியல", இல்லன்னா "இந்த வருஷம் சரியில்லப்பா, முடிஞ்சா போதும்". ரெண்டும் பொய் இல்ல, ஆனா ரெண்டுமே ஞாபகத்துல மேலாக்க நிக்கறதை மட்டும் வச்சு சொல்றது. நம்ம மனசு கெட்டதை இறுக்கிப் புடிச்சுக்கும், நல்லதை சுலபமா விட்டுடும், அதுலயும் நவம்பர் டிசம்பர்ல நடந்தது பெருசா தெரியும், பிப்ரவரில நமக்காக ஒருத்தர் ராத்திரி 11 மணிக்கு பஸ் ஸ்டாண்டுல வந்து காத்துக்கிட்டு நின்னது சுத்தமா அழிஞ்சு போயிருக்கும். அதனால சும்மா கண்ணை மூடி "இந்த வருஷம் எனக்கு என்ன நல்லது நடந்துச்சு"ன்னு யோசிச்சா பெருசா எதுவும் வராது, வராததும் உங்க தப்பு இல்ல.

நான் இங்க சொல்றதுக்கெல்லாம் ஒரே ஒரு விதிதான் அடிப்படை. ஆள், நாள், செயல். யாரு, எப்ப, என்ன பண்ணாங்க, இந்த மூணும் இல்லாம ஒரு வரிகூட எழுதாதீங்க. "குடும்பத்துக்கு நன்றி, ஆரோக்கியத்துக்கு நன்றி, நண்பர்களுக்கு நன்றி"ன்னு எழுதினா மனசுல ஒட்டாது, அடுத்த வருஷமும் அதே மூணு வரியைத்தான் எழுதுவோம். அதுவே "ஜூன் மாசம் அப்பாவுக்கு கண்புரை ஆபரேஷன் முடிஞ்சு நான் திரும்ப வேலைக்குப் போனப்ப, எதிர் வீட்டு அக்கா தினம் மத்தியானம் 2 மணிக்கு வந்து, சோப்பு போட்டு கையைக் கழுவி, அப்பா தலையை பின்னாடி சாய்ச்சு, கீழ் இமையை லேசா இழுத்து ஒரே ஒரு சொட்டு விட்டு, அஞ்சு நிமிஷம் கண்ணை மூடி உக்கார வச்சுட்டுப் போனாங்க"ன்னு எழுதிப் பாருங்க. எழுதும்போதே தொண்டை அடைக்கும். அந்த அளவுக்கு விவரம் வேணும்.

இதுக்கு பக்தி இருக்கணும்னு அவசியம் இல்ல, இருந்தா ரொம்ப நல்லது. சர்ச்சுக்குப் போறவங்களுக்கு இது பழக்கமான விஷயம்தான், டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல வருஷம் முழுக்க கர்த்தர் நடத்தின விதத்தை எழுந்து நின்னு சாட்சியா சொல்வாங்க, அதுல நல்லா சொல்றவங்க எல்லாருமே தேதியோட, பேரோட, ஆஸ்பத்திரி வார்டோடதான் சொல்வாங்க.

எப்ப உக்காரணும், என்ன வேணும்

31ஆம் தேதி ராத்திரி வேண்டவே வேண்டாம். அன்னிக்கு போன் ஓயாது, வெளிய வெடி வெடிப்பாங்க, வீட்ல யாராவது வருவாங்க. 26ல இருந்து 30க்குள்ள ஏதாவது ரெண்டு நாள் எடுத்துக்கங்க, பசங்களுக்கு அரையாண்டு லீவா இருக்கும், ஆபீஸ்லயும் பாதி பேர் லீவுல இருப்பாங்க, வேலை கொஞ்சம் மெதுவா போகும். விடியக்காலைல எழுந்துக்கறவங்களுக்கு மார்கழிக் காலை ரொம்பப் பொருத்தம், கோலம் போட்டு முடிச்சுட்டு ஒரு காபியோட உக்காந்தா வீடு முழிக்கறதுக்குள்ள ஒரு மணி நேரம் கிடைக்கும். மொத்தமா மூணு மணி நேரம் போதும், அதை ரெண்டா மூணா பிரிச்சுக்கலாம், ஒரே மூச்சுல பண்ணணும்னு இல்ல.

ஒரு சாதாரண நோட்டு, ஒரு பேனா. மொபைல்ல டைப் பண்ணலாமான்னு கேப்பீங்க. பண்ணலாம், ஆனா கையால எழுதினா மெதுவாத்தான் எழுத முடியும், அந்த மெதுவுலதான் மறந்த விஷயம் எல்லாம் வரும், அதனால நான் நோட்டுன்னுதான் சொல்வேன். இதுக்குன்னு விக்கற விலை அதிகமான டைரி எல்லாம் வாங்கத் தேவையில்ல.

முதல்ல ஆதாரத்தைச் சேருங்க

இந்த ஒரு ஸ்டெப்பைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க, என்னைக் கேட்டா பாதி பலனே இதுலதான் இருக்கு. ஞாபகத்தை நம்பாதீங்க, ஆதாரத்தைத் தேடுங்க.

சமையக்கட்டுல மாட்டியிருக்கற மாசக் காலண்டரைக் கழட்டிட்டு வாங்க. பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, கேஸ் புக் பண்ணின தேதி, சீட்டுப் பணம் கட்டின தேதி, பக்கத்து வீட்டு கிரகப்பிரவேசம், டாக்டரைப் பாக்க வேண்டிய நாள்னு அந்த சின்னச் சின்ன கட்டத்துக்குள்ள ஒரு வருஷமே கிடக்கும். அதுல நாலு நாள் தொடர்ந்து பால் வேண்டாம்னு குறிச்சிருந்தா, அன்னிக்கு எங்க போயிருந்தோம், யார் வீட்ல தங்கினோம், யாரு சாப்பாடு போட்டாங்கன்னு யோசிங்க, உடனே ஞாபகம் வரும்.

அடுத்து போன் கேலரி. ஜனவரி 1ல இருந்து ஆரம்பிச்சு மெதுவா கீழ வாங்க. அழகான போட்டோவைப் பாக்காதீங்க, அசிங்கமான போட்டோவைப் பாருங்க. மருந்துச் சீட்டு, உடைஞ்ச பைப்பு, வண்டி பஞ்சர் ஆன இடத்தோட லொக்கேஷன், ரத்தம் தேவைன்னு அனுப்பின மெசேஜோட ஸ்க்ரீன்ஷாட், இதுக்குப் பின்னாடி எல்லாம் ஒரு ஆள் இருப்பார். கல்யாண போட்டோல சிரிச்சுட்டு நிக்கறவங்களைவிட பஞ்சர் ஆன அன்னிக்கு வண்டியைத் தள்ளினவங்க முக்கியம்.

அப்புறம் ஜிபே, போன்பே ஹிஸ்டரி. யாரு உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்காங்க, எந்த மாசம், அப்ப என்ன நெருக்கடி. திருப்பிக் குடுத்தாச்சுங்கறதுக்காக அதை விட்டுடாதீங்க, திருப்பிக் குடுத்தது பணத்தை மட்டும்தான், 28ஆம் தேதி சம்பளத்துக்கு முன்னாடி கேள்வியே கேக்காம அனுப்பினாரே, அது இன்னும் பாக்கி இருக்கு.

வாட்ஸ்அப்ல தேடற இடத்துல "பாத்துக்கலாம்", "கவலைப்படாத", "நான் வரேன்", "சாப்டியா"ன்னு நீங்க வழக்கமா டைப் பண்ற மாதிரியே போட்டுத் தேடுங்க. உங்களுக்கு வந்த மெசேஜ் வரிசையா வரும். இதை முதல் தடவை பண்றவங்க பலபேர் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துடுவாங்க, ஏன்னா யாருமே இல்லன்னு நினைச்சுட்டு இருந்த மாசத்துல இத்தனை பேர் கேட்டிருக்காங்களேன்னு தோணும். வாய்ஸ் மெசேஜ் தேடல்ல வராது, அதனால நெருக்கமான ரெண்டு மூணு பேரோட சாட்டை மட்டும் மேல தள்ளி ஒரு பார்வை பாத்துடுங்க.

வீட்ல ஒரு ஃபைல் இருக்கும்ல, ஆஸ்பத்திரி பில், ஸ்கூல் ஃபீஸ் ரசீது, ட்ரெயின் டிக்கெட், அதையும் ஒரு தடவை புரட்டிடுங்க.

மாசத்துக்கு ஒரு பக்கம்

நோட்டுல 12 பக்கம் ஒதுக்கி, மேல மாசம் பேரு எழுதிக்கங்க. ஆதாரத்துல கிடைச்சதை எல்லாம் அந்தந்த மாசத்துல போடுங்க. முதல்ல நடந்ததை மட்டும் ஒரு வரில, அதுக்குக் கீழ யாரு என்ன பண்ணாங்கன்னு. கஷ்டமானதையும் எழுதணும். நல்லதை மட்டும் எழுதினா பாதி ஆட்களே வரமாட்டாங்க, ஏன்னா நமக்கு உதவி கிடைச்ச நாள் பெரும்பாலும் நம்ம கஷ்டப்பட்ட நாளாத்தான் இருக்கும். ஒரு மாசம் காலியா இருந்தா காலியாவே விடுங்க, ரெண்டு நாள் கழிச்சு குளிக்கும்போதோ பஸ்ல போகும்போதோ வந்துரும்.

இதுல ஆராய்ச்சியும் நடந்திருக்கு. 2003ல அமெரிக்காவுல ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோங்கற ரெண்டு உளவியல் பேராசிரியர்கள் காலேஜ் மாணவர்களை மூணு குழுவா பிரிச்சு பத்து வாரம் எழுத வச்சாங்க, ஒரு குழு வாரா வாரம் நன்றியா இருக்கற அஞ்சு விஷயம், ஒரு குழு எரிச்சல் படுத்தின அஞ்சு விஷயம், இன்னொரு குழு சும்மா நடந்ததுல அஞ்சு. நன்றி எழுதின குழுதான் தன்னோட வாழ்க்கையை நல்ல விதமா பாத்துச்சு, உடம்பு சரியில்லன்னு சொன்னதும் குறைவு. 2005ல மார்ட்டின் செலிக்மன் குழு வேற மாதிரி பண்ணாங்க, ஒரு வாரம் தினமும் ராத்திரி மூணு நல்ல விஷயம் எழுதி, அது ஏன் நடந்துச்சுங்கற காரணத்தையும் எழுதச் சொன்னாங்க, அதோட பலன் ஆறு மாசம் கழிச்சும் தெரிஞ்சுது. அந்த "ஏன்" ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கறேன். ஏன் நடந்துச்சுன்னு கேட்டாலே பதில்ல ஒரு ஆள் வந்து நின்னுடுவார். இதெல்லாம் மந்திரம் இல்ல, கடன் தீராது, நோய் போகாது, ஆனா மனசுக்கு ஒரு தெம்பு கிடைக்குதுங்கறது உண்மை.

பட்டியலை வச்சு மூணு கேள்வி

12 பக்கம் நிறைஞ்சதும் நாப்பது அம்பது பேர் வந்து நிப்பாங்க. எல்லாருக்கும் கடிதம் எழுத முடியாது. யாரை முதல்ல எடுக்கறதுன்னு தெரியணும்னா திருக்குறள்ல செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தோட முதல் மூணு குறளையே கேள்வியா மாத்திக்கலாம். எல்லாரும் அந்த அதிகாரத்துல நன்றி மறப்பது நன்றன்றுங்கற குறளைத்தான் மேடைல சொல்வாங்க, வேலைக்கு உதவறது என்னவோ 101, 102, 103தான்.

முதல் கேள்வி, நான் இவருக்கு முன்னாடி எதுவுமே பண்ணாதப்பவே இவர் எனக்குப் பண்ணாரா? செய்யாமல் செய்த உதவிக்கு வையகமும் வானகமும் ஈடாகாதுன்னு 101 சொல்லுது. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் ட்ரெயின்ல லோயர் பெர்த்தை அம்மாவுக்கு விட்டுக் குடுத்தாரே, அது இதுல வரும். ரெண்டாவது, சரியான நேரத்துல வந்துச்சா? உதவி சின்னதா இருக்கலாம், ஆனா அந்த நேரத்துல இல்லன்னா கதை கந்தலாயிருக்கும். 500 ரூபாய்தான், ஆனா மறுநாள் காலைல பரீட்சை ஃபீஸ் கட்ட கடைசி நாள். மூணாவது, இதனால எனக்கு என்ன வரும்னு கணக்குப் பாக்காம பண்ணாரா? இந்த மூணாவது கேள்விலதான் பட்டியல் தெளிவா பிரியும்.

மூணுக்கும் ஆமான்னு வர்ற பேருக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரம் போடுங்க. அஞ்சாறு பேர்தான் தேறுவாங்க. அது போதும். இந்த வருஷத்துக்கு உங்க வேலை அவங்கதான்.

ஒரே ஒருத்தரை எடுத்து ஆழமா பாக்கறது

இது ரெண்டாவது நாள் பண்ற வேலை. ஜப்பான்ல நைக்கான்னு ஒரு முறை இருக்கு. 1916ல நாரா பகுதில பிறந்த யோஷிமோட்டோ இஷின்ங்கறவர் உருவாக்கினது, ஜோதோ ஷின்ஷூ பௌத்தத்துல சோறு தண்ணி தூக்கம் இல்லாம பண்ற ஒரு கடுமையான தன்னாய்வுப் பயிற்சி இருந்துச்சு, அவர் அந்தக் கடுமையை எல்லாம் எடுத்துட்டு மதம் சாராத யாரும் பண்ற மாதிரி ஆக்கினார், அந்த நாட்டு ஜெயில்கள்லகூட பயன்படுத்தியிருக்காங்க. முறையா பண்றவங்க ஒரு வாரம் தனியா ஒரு மறைப்புக்குப் பின்னாடி உக்காந்து பண்ணுவாங்க. நம்ம வீட்ல ஒரு மணி நேரம் பண்ணினாலே நிறைய கிடைக்கும்.

ஒரு ஆளை எடுத்துக்கங்க, வழக்கமா அம்மால இருந்துதான் ஆரம்பிப்பாங்க, அம்மா இல்லாதவங்க வளர்த்தவங்களை எடுத்துக்கலாம். இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் மூணு கேள்வி. அவங்ககிட்ட இருந்து நான் என்ன வாங்கிக்கிட்டேன், அவங்களுக்கு நான் என்ன குடுத்தேன், அவங்களுக்கு நான் என்ன தொந்தரவு குடுத்தேன். மூணாவது கேள்விக்குத்தான் நேரம் அதிகமா ஒதுக்கணும். நாலாவதா "அவங்க எனக்கு என்ன தொந்தரவு குடுத்தாங்க"ன்னு ஒரு கேள்வி வரணும்னு தோணும், வேணும்னேதான் அது இல்ல, ஏன்னா அந்தக் கணக்கை நம்ம சொல்லிக் குடுக்காமலே தினமும் நல்லாத்தான் போட்டுக்கிட்டு இருக்கோம்.

இங்கயும் ஆள், நாள், செயல் விதிதான். "அம்மா பாசமா பாத்துக்கிட்டாங்க"ன்னு எழுதாதீங்க. "அக்டோபர்ல காய்ச்சல் வந்தப்ப ரசம் வச்சு குழைய வடிச்ச சாதத்தோட ஊர்ல இருந்து தூக்குல எடுத்துட்டு பஸ் ஏறி வந்தாங்க, மூட்டு வலியோட மூணு மாடி ஏறினாங்க." ரெண்டாவது கேள்வில "மாசாமாசம் பணம் அனுப்பினேன், மே மாசம் கண்ணாடி மாத்திக் குடுத்தேன்." மூணாவதுல "கால் பண்ணினப்ப மீட்டிங்ல இருக்கேன்னு கட் பண்ணிட்டு திருப்பிக் கூப்பிடல, அது பல தடவை." முதல் பக்கம் நிரம்பி வழியும், ரெண்டாவது பக்கம் பாதில நிக்கும், அந்த வித்தியாசத்தைக் கண்ணால பாத்ததும் மனசுல வர்றதுதான் நமக்கு வேணும். குற்ற உணர்ச்சில மூழ்கணும்னு இல்ல, அழுகை வந்தா வரட்டும், நோட்டை மூடி வச்சுட்டு அம்மாவுக்கு ஒரு போன் போடுங்க.

ஒரு முக்கியமான விஷயம். உங்களை அடிச்சவங்க, கொடுமைப்படுத்தினவங்க மேல இந்தப் பயிற்சியைப் பண்ணாதீங்க. அங்க "நான் என்ன தொந்தரவு குடுத்தேன்"ங்கற கேள்வி உங்களையே குத்தும்.

அது நடக்காம போயிருந்தா

இது சின்னப் பயிற்சி, பத்து நிமிஷம் போதும். பழகிப் போன நல்லது எதுவுமே நம்ம கண்ணுக்குத் தெரியாது, அதனால அதை மனசுக்குள்ள ஒரு தடவை எடுத்துட்டுப் பாக்கணும். இந்த வேலைக்கு ஆள் எடுக்கறாங்கன்னு அந்த ஃப்ரெண்ட் லிங்க் அனுப்பாம இருந்திருந்தா? அன்னிக்கு அந்த ஆட்டோ அண்ணன் வேற சவாரிக்குப் போயிருந்தா? மின்க்யுங் கூ, டிமோதி வில்சன்ங்கற உளவியல் ஆய்வாளர்கள் எல்லாம் சேர்ந்து 2008ல வெளியிட்ட ஆய்வுல, நல்லது நடந்ததை நினைச்சுப் பாத்தவங்களைவிட அது நடக்காம போயிருந்தா எப்படின்னு நினைச்சுப் பாத்தவங்களுக்குத்தான் மனசு கூடுதலா நிறைஞ்சுது. நட்சத்திரம் போட்ட பேர் ஒவ்வொண்ணுக்கும் கீழ "இவர் இல்லன்னா"ன்னு ஆரம்பிச்சு மூணு வரி எழுதிடுங்க. கடிதத்துக்கு அதுவே சரக்கு.

போய்ச் சொல்றது

நோட்டோட நிறுத்திக்கிட்டா வேலை பாதிலயே நிக்குது. சம்பந்தப்பட்டவங்களுக்குத் தெரியணும். இந்த இடத்துலதான் எல்லாருக்கும் கூச்சம் வரும், "இப்பப் போய் எதுக்கு, அவங்க என்ன நினைப்பாங்க, செயற்கையா இருக்குமே"ன்னு. அமித் குமார், நிக்கோலஸ் எப்லிங்கற ரெண்டு பேர் 2018ல இதையே ஆராய்ஞ்சாங்க. நன்றிக் கடிதம் எழுதினவங்க, வாங்கறவங்களுக்கு சங்கடமா இருக்கும்னு அதிகமா பயந்தாங்க, அவங்க எவ்வளவு ஆச்சரியப்படுவாங்க, சந்தோஷப்படுவாங்கங்கறதைக் குறைச்சு எடை போட்டாங்க. எழுதறவங்க வார்த்தை சரியா வரணுமேன்னு கவலைப்படறாங்க, படிக்கறவங்க அந்த அன்பை மட்டும்தான் பாக்கறாங்க. அதனால எழுத்துப்பிழையோட எழுதினாலும் பரவால்ல.

எப்படி எழுதறதுன்னு தெரியலன்னா, நாலு விஷயம் வரணும்: நீங்க என்ன பண்ணீங்க, அப்ப என் நிலைமை என்ன, உங்களுக்கு அதுல என்ன சிரமம், இன்னிக்கு அதனால என்ன ஆகியிருக்கு. எதிர் வீட்டு அக்காவுக்குன்னா இந்த மாதிரி:

"அக்கா, ஜூன்ல அப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு நான் வேலைக்குக் கிளம்பறப்ப மத்தியான மருந்துக்கு என்ன பண்றதுன்னு தவிச்சுட்டு இருந்தேன். நான் கேக்கவே இல்ல, நீங்களா வந்து 'ரெண்டு மணி மருந்தை நான் விட்டுக்கறேன், நீ நிம்மதியா போ'ன்னு சொன்னீங்க. அப்ப உங்க மாமியார் படுக்கைல இருந்தாங்க, உங்களுக்கே உக்கார நேரம் கிடையாது. அப்படியும் ஒரு நாள்கூட நேரம் தப்பல. நான் அந்த மாசம் லீவு போட்டிருந்தா சம்பளம் போயிருக்கும், அந்த நேரத்துல அது எங்களுக்குத் தாங்கியிருக்காது. இப்ப அப்பா தூரத்துல வர்ற பஸ்ஸோட நம்பரைப் படிச்சு எனக்கே சொல்றார். ஒவ்வொரு தடவை அவர் படிக்கறப்பவும் உங்களைத்தான் நினைச்சுக்கறேன்."

இவ்வளவுதான். இதுல "நீங்க தெய்வம்", "உங்களுக்கு எப்படிக் கைமாறு செய்வேன்"னு எதுவும் இல்ல, தேவையும் இல்ல. முடிஞ்சா நேர்ல போங்க, முன்னாடியே விஷயத்தைச் சொல்லாம "வீட்ல இருப்பீங்களா"ன்னு மட்டும் கேட்டுட்டு, கொஞ்சம் பழமோ முறுக்கோ எடுத்துட்டுப் போய் உக்காந்து, எழுதினதைப் படிங்க. படிக்க வரலன்னா பேசிட்டு கடிதத்தைக் குடுத்துட்டு வாங்க. அவங்க "அட இதுக்கெல்லாமா, போப்பா"ன்னுதான் சொல்வாங்க, அதோட பேச்சை மாத்திடாதீங்க, சொல்ல வந்ததை முழுசா சொல்லி முடிங்க. செலிக்மனோட ஆய்வுல உடனடியா அதிக சந்தோஷம் குடுத்தது இந்த மாதிரி நேர்ல போய்ப் படிக்கறதுதான், ஆனா ஒரு மாசத்துக்கு மேல அதோட பலன் தேய்ஞ்சு போச்சு, அதனால அஞ்சு பேரையும் ஒரே நாள்ல முடிக்காம வருஷத்துல பரப்பி வச்சுக்கறது நல்லது.

நமக்கு இதுக்குன்னே ஒரு நாள் இருக்கு. காணும் பொங்கல். ஜனவரி 16, 17 வாக்குல வரும், பெரியவங்களையும் சொந்தக்காரங்களையும் போய்ப் பாக்கற நாள், அன்னிக்கு நீங்க ஒருத்தர் வீட்டு வாசல்ல போய் நின்னா யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க. டிசம்பர் கடைசில எழுதி வச்சா நடுவுல ரெண்டு வாரம் கிடைக்கும். பொங்கலே சூரியனுக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்ற பண்டிகைதானே, மூணாவது நாள் மனுஷங்களுக்குச் சொல்லுவோம்.

வேலைக்கு வர்ற அக்கா, வாட்ச்மேன் தாத்தா, குப்பை எடுக்க வர்றவங்க, இவங்க பட்டியல்ல வந்தா (கட்டாயம் வருவாங்க) வெறும் வாய் வார்த்தையோட நிறுத்தாதீங்க. சொல்லவும் செய்ங்க, பொங்கல் பணமும் குடுங்க, ரெண்டு வருஷமா சம்பளம் ஏத்தலன்னா ஜனவரில ஏத்துங்க. கூலி குறைவா குடுத்துட்டு நன்றியை மட்டும் நிறைய குடுக்கறது நியாயம் இல்லன்னு நான் உறுதியா நம்பறேன். சொல்றப்பவும் நின்னுட்டே போற போக்குல சொல்லாம, உக்கார வச்சு ஒரு டீ குடுத்து, "அக்கா, மார்ச்ல எனக்கு முடியாம இருந்தப்ப நீங்க ஒரு வாரம் சாயங்காலமும் வந்து பாத்திரம் தேய்ச்சுக் குடுத்தீங்க, நான் மறக்கல"ன்னு சொல்லுங்க.

அந்த ஆள் இப்ப உயிரோட இல்லன்னா அவங்க பிள்ளைங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. தன்னோட அப்பா யாருக்கோ சத்தமில்லாம பண்ணின ஒரு உதவியை முதல் தடவையா கேக்கற பிள்ளைக்கு அதைவிட பெரிய சொத்து எதுவும் இல்ல.

வருஷம் ரொம்ப மோசமா போனவங்களுக்கு

வீட்ல சாவு, வேலை போச்சு, விவாகரத்து, பெரிய நோய். இப்படி இருக்கறவங்ககிட்ட "நடந்ததெல்லாம் நன்மைக்கே, அதுக்கும் நன்றி சொல்லு"ன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. நடந்த கெட்டதுக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டியதில்ல. அந்த நேரத்துல கூட நின்னவங்களுக்கு மட்டும் போதும். சாவு வீட்ல மூணு நாளும் வந்தவங்களுக்கு டீ போட்டுக் குடுத்தது யாரு, டெத் சர்டிபிகேட்டுக்கு உங்களுக்குப் பதிலா அலைஞ்சது யாரு, பதினாறாம் நாள் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் ஒரு மாசம் கழிச்சும் போன் பண்ணினது யாரு. மூணு பேர் எழுதிட்டு நோட்டை மூடிடுங்க. 12 பக்கமும் எழுதணும்னு சட்டம் இல்ல, அடுத்த வருஷம் எழுதிக்கலாம்.

எழுத உக்காந்தாலே நெஞ்சு கனமா இருக்கு, வாரக் கணக்கா தூக்கம் இல்ல, எதுலயும் பிடிப்பே இல்லன்னா நன்றி நோட்டு அதுக்கு மருந்து கிடையாது, டாக்டரைப் பாருங்க. இந்தியாவுல 14416க்கு கூப்பிட்டா டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி லைன்ல எந்த நேரமும் காசில்லாம தமிழ்லயே பேசலாம். இலங்கைல இருக்கறவங்களுக்கு 1926.

இன்னொரு விதமான கஷ்டமும் இருக்கு. "நான்தானே உனக்கு வேலை வாங்கிக் குடுத்தேன்"னு சொல்லிச் சொல்லியே நம்மளைக் கட்டிப் போடறவங்க. அவங்க பண்ணினது உதவிதான், நோட்டுல ஒரு வரி எழுதுங்க, நேர்மையா எழுதுங்க. அதுக்காக அவங்க சொல்ற எல்லாத்துக்கும் தலையாட்டணும்னு இல்ல. அந்த 103ஆம் குறள் கேள்வி இவங்களுக்காகவே வச்ச மாதிரி இருக்கும்.

வீட்ல எல்லாரோடயும்

பசங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சு "நன்றி சொல்லு"ன்னா ஓடிடுவாங்க. ஜனவரி 1 மத்தியானம் சாப்பாட்டுக்கு உக்காரும்போது நீங்களே ஆரம்பிச்சு வைங்க, ஒருத்தரைப் பத்தி மட்டும், ஆள் நாள் செயலோட. "ஆகஸ்ட்ல எனக்கு தலைவலின்னு படுத்திருந்தப்ப தம்பி டிவி சத்தத்தை அவனாவே குறைச்சான்"னு சொன்னீங்கன்னா அந்தத் தம்பி முகத்தைப் பாக்கணும். அடுத்து அவனே சொல்லுவான். பெரிய பசங்க பேசலன்னா விட்டுடுங்க, காது கேட்டுட்டுத்தான் இருக்கும். தாத்தா பாட்டி இருந்தா அவங்களுக்கு நிறைய நேரம் குடுங்க, இந்த வருஷத்துல ஆரம்பிச்சு 1970க்குப் போயிடுவாங்க, போகட்டும்.

ஜனவரில இருந்து

தினமும் எழுதப் போறேன்னு சபதம் வேண்டாம். கலிஃபோர்னியாவுல சோன்யா லியுபோமிர்ஸ்கி பண்ணின ஆய்வுல வாரத்துக்கு ஒரு தடவை எழுதினவங்களுக்குத்தான் பலன் தெரிஞ்சுது, வாரம் மூணு தடவை எழுதினவங்களுக்குத் தெரியல, அடிக்கடி பண்ணினா சடங்கா ஆயிடும் போல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பத்து நிமிஷம் போதும்.

அதைவிட சுலபமா ஒண்ணு சொல்றேன். மளிகைக்கடைல குடுக்கற புது மாசக் காலண்டரை மாட்டினதும் பக்கத்துல ஒரு பேனாவை நூல்ல கட்டித் தொங்க விடுங்க. பால் கணக்கு குறிக்கற அதே கட்டத்துல, அன்னிக்கு யாராவது உங்களுக்கு ஏதாவது பண்ணியிருந்தா அவங்க பேரை மட்டும் எழுதிடுங்க, ஒரே வார்த்தை. வீட்ல யாரு வேணா எழுதலாம். டிசம்பர்ல ஆதாரம் தேடற வேலை பாதியா குறைஞ்சுடும். பழைய காலண்டரையும் நோட்டையும் பீரோல வைங்க, போகிக்கு வீட்டைச் சுத்தம் பண்றப்ப பழைய பேப்பரோட சேர்ந்து போயிடாம பாத்துக்கங்க, நட்சத்திரம் போட்ட பேர்ல இன்னும் போய்ப் பாக்காதவங்க ரெண்டு மூணு பேர் அதுல பாக்கி இருப்பாங்க.